மேல்தட்டும் கீழ்த்தட்டும்

ஒரு கலைஞனின் வாழ்நாளை நல்ல காலம், கெட்ட காலம் என்று இரண்டாக வகுந்து வைத்துக்கொள்வது ரசிகர்களின் பழைய வழக்கம். நாவலாசிரியர்களை முன்னைய எழுத்து, பின்னைய எழுத்து என்று பிரித்துப் பேசுகிறோம். ராக் இசை ரசிகர்கள் இதில் நம்மைவிடக் கறாரானவர்கள். ஆண்டுக் கணக்கோடு பேசுவார்கள். பாப் டிலனா? 1965, 1966. அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த மூன்று ஆல்பங்கள். எண்பதுகளின் நடுப்பகுதியைத் தொடவே வேண்டாம். டேவிட் போவியா? 1977இல் தொடங்கிய பெர்லின் காலம். 1984க்கும் 1987க்கும் இடையில் வந்தவற்றைக் கேட்காமலிருப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதை. இப்படி.

எனக்கு இந்தக் கணக்கைக் கற்றுத் தந்தவர் கல்லூரி விடுதியில் என் அறைக்கு எதிர் அறையிலிருந்த மூத்த மாணவர். தொண்ணூறுகளின் தொடக்கம். அவரிடம் இரண்டு தட்டுகள் கொண்ட ஒரு மர அலமாரி இருந்தது. மேல்தட்டில் இருப்பவை கேட்பதற்கு. கீழ்த்தட்டில் இருப்பவை இரவல் கொடுப்பதற்கு. இரவல் போனது திரும்பி வராவிட்டாலும் கவலையில்லை என்பது அதன் உட்பொருள். நீல் யங்கின் ஒலிநாடாக்கள் இரண்டு தட்டுகளிலும் இருந்தன. 1969 முதல் 1979 வரை வந்தவை மேலே. 1980 முதல் 1988 வரை வந்தவை கீழே. 1989இல் வந்த 'ஃப்ரீடம்' மறுபடியும் மேலே. நடுவில் ஒன்பது ஆண்டுகள் ஒரு மனிதன் கீழ்த்தட்டில் கிடந்தான்.

அந்தப் பிரிவினையை நான் பல ஆண்டுகள் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தேன். பிறகு அதில் ஒரு ஆல்பம் மட்டும் இடம் மாறியது. அது ஏன் மாறியது, மாறியது சரிதானா என்பதை எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

*

மேல்தட்டிலிருந்து தொடங்குகிறேன்.

நீல் யங் 1945இல் கனடாவின் டொராண்டோ நகரில் பிறந்தவர். பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழுவில் இருந்தவர். பிறகு தனியாகவும் க்ரேஸி ஹார்ஸ் குழுவோடும் பாடத் தொடங்கினார். 1970இல் 'ஆஃப்டர் த கோல்ட் ரஷ்'. 1972 பிப்ரவரியில் 'ஹார்வெஸ்ட்'. அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் அதுதான். அதிலிருந்த 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அவர் குரல் மெல்லியது, உயர்ந்த சுருதியில் சற்றே நடுங்குவது. அந்தக் குரலோடு அக்கூஸ்டிக் கிதாரும் மவுத் ஆர்கனும் சேர்ந்து உண்டாக்கிய மென்மை எல்லோருக்கும் பிடித்துப்போனது. அவர் அதே பாடலை வேறு வேறு சொற்களில் பாடிக்கொண்டிருந்திருந்தால் போதும். வாழ்நாள் முழுக்க விற்றிருக்கும்.

அப்படி நடக்கவில்லை. 1972 நவம்பரில், அடுத்த சுற்றுப்பயணத்துக்கான ஒத்திகைக்கு க்ரேஸி ஹார்ஸின் கிதார் கலைஞர் டேனி விட்டன் வந்தார். போதைப் பழக்கத்தில் சிதைந்திருந்த அவரால் வாசிக்க முடியவில்லை. யங் அவர் கையில் ஐம்பது டாலரும் லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஒரு விமானச் சீட்டும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அன்றிரவே விட்டன் இறந்துபோனார். சில மாதங்கள் கழித்து, 1973இல், குழுவின் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த புரூஸ் பெர்ரி என்ற இளைஞரும் ஹெராயினுக்குப் பலியானார்.

இதன் பிறகு வந்த மூன்று ஆல்பங்களை 'பள்ளத்து ஆல்பங்கள்' என்று ரசிகர்கள் அழைக்கிறார்கள். அந்தப் பெயருக்கு விதை போட்டவர் யங்தான். 1977இல் வந்த ஒரு தொகுப்புக்கான குறிப்பில், 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' தன்னை நடுச்சாலையில் கொண்டுபோய் நிறுத்தியது என்றும், அங்கே பயணம் சலித்துவிட்டதால் பள்ளத்தை நோக்கி வண்டியைத் திருப்பியதாகவும் எழுதியிருந்தார். முதலாவது, 1973இல் வந்த 'டைம் ஃபேட்ஸ் அவே'. 'ஹார்வெஸ்ட்' கேட்கும் ஆசையோடு வந்த பெருங்கூட்டங்களுக்கு முன்னால், அவர்கள் அறியாத புதிய பாடல்களை உரத்த, உடைந்த குரலில் பாடிய நேரடிப் பதிவு. இரண்டாவது, 1974இல் வந்த 'ஆன் த பீச்'. மூன்றாவது 'டுநைட்ஸ் த நைட்'. 1973இலேயே பெரும்பகுதி பதிவாகி, இரண்டாண்டு கிடப்பில் கிடந்து, 1975இல் வெளிவந்தது.

'டுநைட்ஸ் த நைட்'டை முதன்முதலாகக் கேட்பவர்கள் ஒலிநாடா கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகப்படுவார்கள். நானும் பட்டேன். இரவெல்லாம் குடித்துவிட்டு விடியும் நேரத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு துக்க வீட்டில் வாசிப்பது போலிருக்கும். ஓரிடத்தில் குரல் ஏற வேண்டிய சுரத்துக்கு ஏறாமல் நடுவழியில் பிளந்துபோகிறது. எந்தப் பதிவுக்கூடத்திலும் அதை அழித்துவிட்டு மறுபடி பாடச் சொல்வார்கள். யங் அதை அப்படியே விட்டுவைத்தார். ஒரு பாடலில் திடீரென்று இன்னொருவர் உற்சாகமாகப் பாடுகிறார். அது இறந்துபோன டேனி விட்டன். 1970இல் நடந்த ஒரு நிகழ்ச்சியின் பதிவைத் தன் நண்பனுக்கான இரங்கலின் நடுவே யங் வைத்திருக்கிறார். செத்தவன் குரல்தான் அந்த ஆல்பத்திலேயே உயிரோட்டமான குரல்.

இன்று இந்த மூன்றையும் நீல் யங்கின் உச்சமென்று சொல்லாத விமர்சகர் அரிது. ஆனால் அவை வந்தபோது நிலைமை வேறு. 'ஹார்வெஸ்ட்' வாங்கியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கவில்லை. 'டைம் ஃபேட்ஸ் அவே'யைத் தன் மிக மோசமான ஆல்பமென்று யங்கே சொல்லியிருக்கிறார். அது குறுந்தகடாக வர 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'ஆன் த பீச்' 2003இல்தான் குறுந்தகடாக வந்தது. அதாவது, இன்று நாம் மேல்தட்டில் வைத்திருப்பவை பல ஆண்டுகள் கீழ்த்தட்டில்கூட இல்லாமல் இருந்தவை. என் விடுதி நண்பர் 'ஆன் த பீச்'சின் தேய்ந்துபோன மூன்றாம் தலைமுறைப் பிரதியொன்றை வைத்திருந்தார். அதைத் தொடுவதற்கு முன் கை கழுவச் சொல்வார்.

கெட்ட காலம் என்று முத்திரை குத்தப்பட்ட ஒன்று நல்ல காலமாகத் திரும்ப முடியும் என்பதற்கு இந்த ஒரு கலைஞனின் எழுபதுகளே சாட்சி. ஆனாலும் எண்பதுகளின் மீது அதே கருணையைக் காட்ட எங்களுக்குத் தோன்றவில்லை.

*

எண்பதுகளின் கதை வேறு. அந்தப் பத்தாண்டு ராக் இசையின் மூத்தவர்கள் எல்லோரையுமே தடுமாற வைத்தது. 1981 ஆகஸ்டில் எம்டிவி தொடங்கியது. பாட்டுக்கு முகம் தேவைப்பட்டது. 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 சிந்தசைசர் வந்தது. சில ஆண்டுகளுக்குள் அதன் கண்ணாடி மணி போன்ற ஒலி எல்லா ஆல்பங்களிலும் கேட்டது. டிரம் ஒலி பீரங்கிபோல் வெடித்து, சட்டென்று கத்தரித்தாற்போல் நிற்கும் ஒரு பாணி பரவியது. அறுபதுகளில் மரக் கிதாரோடு வந்தவர்கள் நாற்பது வயதை நெருங்கும் வேளையில் இதையெல்லாம் அணிந்துகொள்ள முயன்றார்கள். அளவு தெரியாமல் தைத்த சட்டை போலிருந்தது. டிலனின் 1986ஆம் ஆண்டு ஆல்பத்தையும் போவியின் 1987ஆம் ஆண்டு ஆல்பத்தையும் இன்று போட்டுப் பார்த்தால், பாடகர்களைவிட அந்த ஆண்டுகள்தான் முதலில் காதில் விழுகின்றன.

யங்கின் தடுமாற்றம் இவர்களுடையதிலிருந்து சற்று வேறுபட்டது. மற்றவர்கள் ஒரே ஒரு புதிய சட்டையை மாட்டிக்கொண்டார்கள். இவர் ஆண்டுக்கொரு வேடம் போட்டார். 1981இல் 'ரியாக்டர்'. அதில் ஓரிரு வரிகளையே ஒன்பது நிமிடம் திரும்பத் திரும்பப் பாடும் ஒரு பாட்டு உண்டு. பிறகு கெஃபன் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கிருந்து வந்த முதல் ஆல்பம் 'ட்ரான்ஸ்', 1982-83 குளிர்காலத்தில். அதன் பெரும்பகுதியில் அவருடைய குரலே இல்லை; இயந்திரக் குரல். அடுத்து நாட்டுப்புறப் பாணியில் ஒரு ஆல்பம் கொண்டுபோனார். நிறுவனம் அதை வாங்கிக்கொள்ளாமல் ராக் அண்ட் ரோல் கேட்டது. கேட்டதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு, தலையில் எண்ணெய் வாரி, இளஞ்சிவப்பு உடையணிந்து, ஐம்பதுகளின் பாணியில் சுமார் 25 நிமிடமே ஓடும் 'எவ்ரிபடிஸ் ராக்கின்' என்ற ஆல்பத்தை 1983இல் கொடுத்தார். நிறுவனம் பொறுமையிழந்து 33 லட்சம் டாலர் கேட்டு அவர்மீது வழக்குத் தொடுத்தது. விற்கத்தக்கதல்லாத, அவருடைய முந்தைய பதிவுகளின் இயல்புக்குப் பொருந்தாத ஆல்பங்களைத் தருகிறார் என்பது குற்றச்சாட்டு. சுருக்கமாகச் சொன்னால், நீல் யங் நீல் யங்கைப்போல் பாடவில்லை என்று நீல் யங்மீது வழக்கு. பிறகு வழக்கு கைவிடப்பட்டது. டேவிட் கெஃபன் வருத்தமும் தெரிவித்தார்.

விடுதியில் இந்த வழக்கு எங்களுக்குப் பெரிய நகைச்சுவை. "நியாயமா பாத்தா நாமதான் கேஸ் போட்டிருக்கணும்" என்பார் நண்பர். கீழ்த்தட்டிலிருந்து 'ட்ரான்ஸ்' ஒலிநாடாவை எடுத்து எனக்குக் கொடுத்து, "வச்சுக்கோ, திருப்பித் தர வேண்டாம்" என்றார். ஒரு பக்கம் கேட்டேன். கணிப்பொறி யுகத்தைப் பற்றி ஒரு ரோபோ முனகுவது போலிருந்தது. சொற்கள் ஒன்றும் பிடிபடவில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அதன்மேல் வானொலியில் வந்த பாட்டுக் கச்சேரி ஒன்றைப் பதிவு செய்துவிட்டேன்.

*

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பா திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பது அவர் பழக்கம். வீட்டில் யாரும் தனியாகப் பேப்பர் படித்ததில்லை; அம்மா அடுக்களையிலிருந்தபடியே உலக விவகாரங்களைக் கேட்டுக்கொள்வாள். 2001இல் அப்பாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய் வந்து அதை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை, அதை மறைக்க ஒரு துண்டுத் துணி. பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்தார்கள். கைவிளக்கு அளவு இருக்கும். அதைக் கழுத்தில் அழுத்திப் பொத்தானை அமுக்கினால் ரீங்காரம் எழும். அந்த ரீங்காரத்தை வாயும் நாக்கும் உதடும் சொற்களாக்கும்.

அந்தக் குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. கேள்வியும் பதிலும் ஒரே சுருதி. கோபமும் ஒரே சுருதி. சிரிப்புக்கு ஒலியே கிடையாது. தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நேரில் பேசும்போது உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். தொலைபேசியில் முடியாது. நான் அப்போது பெங்களூரில் வேலையிலிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு வரும். முதலில் அந்த ரீங்காரம். பிறகு ஏதோ இரண்டு மூன்று சொற்கள். ஒரு தடவை, இரண்டு தடவை "என்னப்பா, என்னப்பா" என்பேன். பிறகு, "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பேன். கொடுத்துவிடுவார். ஐந்து ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. 2006இல் அப்பா இறந்தார்.

அவர் இறந்து சில மாதங்களுக்குப் பின், அலுவலகத்திலிருந்து திரும்பிய ஓர் இரவில், நண்பர் ஒருவர் எம்பி3 கோப்புகளாகப் பிரதியெடுத்துத் தந்திருந்த நீல் யங் முழுத் தொகுதியைத் தற்செயல் வரிசையில் ஓடவிட்டிருந்தேன். 'ட்ரான்ஸ்'ஸிலிருந்து ஒரு பாட்டு வந்தது. எழுந்து போய் நிறுத்தப் போனவன், நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தேன். பாட்டு எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்த ஒலி எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

பிறகுதான் தேடிப் படித்தேன். அந்த ஆல்பத்தில் யங் பயன்படுத்திய கருவி வோகோடர். 1930களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி என்ற பொறியாளர் உருவாக்கியது. தொலைபேசிக் கம்பியில் பேச்சைச் சிக்கனமாக அனுப்புவது அதன் நோக்கம். இரண்டாம் உலகப் போரில் இரகசியப் பேச்சுகளை மறைத்து அனுப்பவும் உதவியது. மனிதப் பேச்சில் இரண்டு பகுதிகள் உண்டு என்பதே அதன் அடிப்படை. ஒன்று, தொண்டையில் பிறக்கும் ஒலி. மற்றொன்று, அந்த ஒலிக்கு வாய் கொடுக்கும் வடிவம். வோகோடர் இரண்டையும் பிரித்து, வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒலியின் இடத்தில் ஓர் இயந்திரத்தின் ஒலியை வைக்கிறது. அப்பாவின் கருவி செய்ததும் இதைத்தான். ஒலி இயந்திரத்தினுடையது, வடிவம் அவருடைய வாயினுடையது. டிரான்சிஸ்டரில் இயங்கும் அத்தகைய கருவியொன்றை 1960இல் கொண்டுவந்ததும் அதே பெல் ஆய்வுக்கூடத்தின் உழைப்புதான். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒன்று பாட்டுக்குப் போனது, இன்னொன்று மருத்துவமனைக்குப் போனது.

*

யங் ஏன் அந்தக் கருவியைக் கையிலெடுத்தார் என்பது 1982இல் கேட்டவர்களுக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. 1978 நவம்பரில் அவருக்கும் மனைவி பெகிக்கும் பென் என்ற மகன் பிறந்தான். கடுமையான மூளை முடக்குவாதம். கை கால்களை அவன் விருப்பப்படி அசைக்க முடியாது, பேச்சு கிடையாது. பெற்றோர் இருவரும் ஒரு சிகிச்சைத் திட்டத்தில் இறங்கினார்கள். ஒவ்வொரு நாளும் பல மணி நேரம், அதே அசைவுகள், மறுபடி மறுபடி. 'ரியாக்டர்' ஆல்பத்தின் அலுப்பூட்டும் திரும்பக் கூறலுக்கு அந்த நாட்களே காரணமென்று யங் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

'ட்ரான்ஸ்' அதற்கடுத்த கட்டம். பேச முடியாத குழந்தையோடு தொடர்புகொள்ள ஒரு வழி வேண்டும். பொத்தானை அழுத்தினால் ஏதோ ஒன்று நடக்கும் என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டால் போதும்; அது முதல் சொல். யங்குக்குப் பொம்மை ரயில்கள்மீது பித்து உண்டு. மகன் பொத்தான் அழுத்தி ரயிலை ஓடவைக்கும்படியான ஏற்பாடுகளை அவரே செய்தார். அந்த ஈடுபாடு வளர்ந்து, 1995இல் லயனல் என்ற பொம்மை ரயில் நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவராகவும் ஆனார். 'ட்ரான்ஸ்'ஸில் உள்ள 'ட்ரான்ஸ்ஃபார்மர் மேன்' என்ற பாட்டு பென்னுக்கானது. ரயிலுக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் தலைப்பு குறிக்கிறது. நாங்கள் அதை ஏதோ ரோபோ பொம்மையைப் பற்றிய பாட்டு என்று நினைத்திருந்தோம்.

இந்த ஆல்பத்தின் சொற்கள் விளங்கவில்லை என்ற புகாருக்கு யங் தன் வாழ்க்கை வரலாற்றாசிரியரிடம் சொன்ன பதிலின் சாரம் இது: உங்களுக்கு என் சொற்கள் விளங்கவில்லை, எனக்கு என் மகனின் சொற்கள் விளங்கவில்லை, அது எப்படியிருக்கிறது என்று உணர்ந்து பாருங்கள். இதைப் படித்த பின் நான் கொஞ்ச நேரம் வேறெதுவும் படிக்கவில்லை. விளங்காத பேச்சின் மறுமுனையில் ஐந்து ஆண்டுகள் இருந்துவிட்டு, தொலைபேசியை அம்மாவிடம் மாற்றச் சொன்னவன் நான்.

*

இங்கே நான் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இலக்கியம் படிப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விதான். பின்கதை தெரிந்ததும் படைப்பு நல்லதாகிவிடுமா? ஆசிரியரின் துயரத்தைக் காட்டி மோசமான கவிதைக்கு மதிப்பெண் போடச் சொல்லலாமா? கூடாது என்றே இத்தனை நாளும் வாதிட்டு வந்திருக்கிறேன். என் அப்பாவின் குரலை நினைவூட்டுகிறது என்பதற்காக ஒரு ஆல்பத்தை மேல்தட்டுக்கு ஏற்றினால் அது விமர்சனமாகாது.

ஆனால் இந்த வழக்கில் ஒரு சாட்சி உண்டு. 1993இல் எம்டிவியின் 'அன்ப்ளக்ட்' நிகழ்ச்சியில் யங் 'ட்ரான்ஸ்ஃபார்மர் மேன்' பாட்டை வோகோடர் இல்லாமல், அக்கூஸ்டிக் கிதாரோடு, தன் சொந்தக் குரலில் பாடினார். பின்னணியில் பெண் குரல்கள் மெதுவாகச் சேர்ந்துகொள்கின்றன. யாரிடமும் எந்தக் கதையும் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். 'ஹார்வெஸ்ட்' காலத்துப் பாட்டு என்பார்கள். அவ்வளவு எளிய, அவ்வளவு நேரான மெட்டு. பத்தாண்டுகளாக அது அங்கேயே இருந்திருக்கிறது. அதற்கும் முன்பே, 1989இல் வந்த ஓர் அஞ்சலித் தொகுப்புக்கு நீல் யங்கின் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னபோது, சானிக் யூத் குழுவினர் 'ட்ரான்ஸ்'ஸிலிருந்து 'கம்ப்யூட்டர் ஏஜ்' பாட்டை எடுத்துக்கொண்டார்கள். காது உள்ளவர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பு சாட்சியும் உண்டு. 1986இல் வந்த 'லேண்டிங் ஆன் வாட்டர்'. அதே தகப்பன், அதே மகன், அதே வீடு. துயரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அந்த ஆல்பம் இன்றும் மோசமாகவே இருக்கிறது. டிரம் காதைப் பிளக்கிறது, சிந்தசைசர்கள் இடைவெளியை அடைக்கின்றன, அடியில் பாட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அன்றைக்கு எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்பதைத் தவிர அந்த ஒலிகள் அங்கே இருப்பதற்கு வேறு காரணமெதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஆக, துயரம் ஒரு ஆல்பத்தைக் காப்பாற்றுவதில்லை.

இரண்டு ஆல்பங்களிலும் இயந்திரம் இருக்கிறது. ஒன்றில் அது இல்லாமல் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது. மற்றதில் அதை எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாது, ஒருவேளை கூடும். 'டுநைட்ஸ் த நைட்'டில் பிளந்துபோன குரலும் அப்படித்தான். அதைத் திருத்தியிருந்தால் துக்கமே போயிருக்கும். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மேல்தட்டுக்குப் போனால் அங்கேயும் சிக்கல் வருகிறது. 'ஹார்வெஸ்ட்'டில் இரண்டு பாடல்களுக்கு லண்டன் சிம்ஃபனி இசைக்குழு வாசித்திருக்கிறது. தனிமையைப் பற்றி ஒருவன் பியானோவில் தயங்கித் தயங்கிச் சொல்லிக்கொண்டிருக்க, திடீரென்று நூறு வயலின்கள் எழுந்து நிற்பது போலிருக்கும். 1972இன் ஆடம்பரம் அது. 1986இன் டிரம்முக்குப் பெரியண்ணன். அதிகம் விற்ற ஆல்பத்தில், நல்ல காலத்தின் நட்டநடுவில் இருப்பதால் நாம் மன்னித்துவிடுகிறோம்.

எனவே காலங்களாகப் பிரிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. அந்த வசதிதான் கோளாறும். நல்ல காலம் என்று தெரிந்துவிட்டால் குறைகளைக் கேட்காமலிருக்கலாம். கெட்ட காலம் என்று தெரிந்துவிட்டால் எதையுமே கேட்காமலிருக்கலாம். பள்ளத்து ஆல்பங்களை நாம் மீட்டெடுத்ததற்கும் 'ட்ரான்ஸ்'ஸைப் பாதி மட்டுமே மீட்டதற்கும் காரணம் இதுவென்று நினைக்கிறேன்: அழுகிற குரலை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வோம், சற்றுத் தாமதமானாலும். அழுவதற்குக்கூட ஒலியில்லாதவனின் தரப்பிலிருந்து பேசும் குரலைக் கேட்க நமக்கு முன்மாதிரி இல்லை. அது ஏதோ கருவிக் கோளாறு என்றுதான் தோன்றும்.

'ட்ரான்ஸ்' குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. ஒன்பது பாடல்களில் மூன்று, வேறு ஒரு ஆல்பத்துக்காகப் பதிவாகிக் கைவிடப்பட்டவை. சாதாரணக் குரலில் ஒலிக்கும் அவை அங்கே விருந்தாளிகள்போல் உட்கார்ந்திருக்கின்றன. முழுக்க இயந்திரக் குரலிலேயே வந்திருந்தால் இன்னும் மோசமாக விற்றிருக்கும், இன்னும் நல்ல ஆல்பமாக இருந்திருக்கும்.

யங் 1988இல் பழைய நிறுவனத்துக்குத் திரும்பினார். 1989இல் 'ஃப்ரீடம்' வந்தது; எல்லோரும் அவர் மீண்டு வந்துவிட்டார் என்றார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர் வேறெங்கோ தொலைந்திருந்ததைப் போன்ற பேச்சு அது. அந்தக் கெட்ட காலத்தின் நடுவில், 1986இல், பேச்சும் உடலசைவும் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான பிரிட்ஜ் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெகி யங் முதன்மையானவர். அதற்கு நிதி திரட்ட அதே ஆண்டு தொடங்கிய கச்சேரிகள் 2016 வரை நடந்தன. மேடையில் பாடகர்களுக்குப் பின்னால் அந்தக் குழந்தைகள் உட்கார்ந்து கேட்பார்கள்.

போன மாதம் விடுதி நண்பரோடு தொலைபேசியில் பேசினேன். இப்போது அவரிடம் அலமாரி இல்லை, எல்லாம் கைப்பேசியில். இதையெல்லாம் சொன்னேன், அப்பாவைப் பற்றியும். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த டேப்ப நான் உனக்கு ஓசியில குடுத்தேன், நீ அதுமேல கச்சேரிய ஏத்திட்ட" என்றார்.

"ஆமாண்ணே."

"சரி, 'ட்ரான்ஸ்' மேல போகட்டும். 'லேண்டிங் ஆன் வாட்டர்'?"

"அது அங்கேயே இருக்கட்டும்ணே" என்றேன்.